சங்குக்கு இறக்கிய சுருதி

"முப்பத்தாறு வருஷமா இந்தச் சங்கு என்னைக் கூப்பிட்டுக்கிட்டிருக்கு, ஒரு நாள்கூட என் பேரைச் சொல்லி…" என்று ரயில்வே பட்டறையிலிருந்து ஓய்வு பெற்ற விழாவில் துரைக்கண்ணு மாமா பேசிய வாக்கியத்தின் வால் எனக்குக் கிடைக்காமலே போய்விட்டது. 'கூப்பிட்டதில்ல' என்று முடித்தாரா, 'கூப்பிடாம இருந்ததில்ல' என்று முடித்தாரா. அவர் முடிக்கிற அந்த நொடியில் என் கிட்டார் ஸ்பீக்கர் பக்கம் திரும்பிவிட்டது, கீச்சென்று ஒரு சத்தம் கிளம்பி பொன்மலை இன்ஸ்டிட்யூட் ஹால் முழுக்கக் காதைப் பொத்திக்கொண்டது, அது அடங்கியபோது மாமா மைக்கைக் கீழே வைத்துவிட்டு மாலையைக் கழற்றிக்கொண்டிருந்தார், எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டலை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது, ஓய்வு பெறுகிறவர் இருமினாலும் தட்டுவார்கள். இருபத்தெட்டு வருடங்களாக நான் அந்த வாக்கியத்தை இரண்டு விதமாகவும் முடித்துப் பார்க்கிறேன், ஒரு முடிவு பிடிக்கிற நாளில் மற்றது சரியென்று படுகிறது. டங். இப்போது பியானோவின் நடுவில் ஒரே கட்டையை, சுருதி சேர்க்க வந்த சுவாமிதாஸ் அடித்துக்கொண்டிருக்கிறார். டங். சுருதிச் சாவியைக் கால் மயிரிழை திருப்புகிறார், மறுபடி டங். தஞ்சாவூரிலிருந்து பஸ் ஏறி வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பனியனோடு என் பியானோவுக்குள் தலையை விட்டிருக்கிறார். மணி இரண்டே முக்கால். நாலே முக்காலுக்குச் சாயங்காலச் சங்கு. ஐந்து மணிக்குள் ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சியின் அழைப்பிதழ் அச்சுக்குப் போக வேண்டும் என்று தனபாலன் குரல் செய்தி அனுப்பியிருக்கிறான், மாமாவின் மகன், என் பழைய பேஸ் கிட்டார்காரன். "சவரி, புரூஃப் அனுப்பியிருக்கேன் பாரு. நானே உக்காந்து எழுதுனதுடா. தப்பு கிப்பு இருந்தா சொல்லு, இல்லன்னா ஓகேன்னு ஒரு வார்த்த. அஞ்சு மணிக்கு மேல அச்சாபீஸ்காரன் அவன் மாமனாருக்கே அச்சடிக்க மாட்டான்." அந்தப் படம் என் கைபேசியில் திறந்தபடியே கிடக்கிறது. கீழே கவிழ்த்து வைக்கிறேன். மறுபடி எடுத்துப் பார்க்கிறேன். 'உலகப் புகழ்பெற்ற இசையமைப்பாளர், நம் மண்ணின் மைந்தர் ம. சவரிராயன் அவர்கள் தாம் இசையமைத்த "ரோட்டர்டாம், ஜனவரி" என்னும் படைப்பைத் தம் திருக்கரங்களால் பியானோவில் வாசிப்பார்.' திருக்கரங்கள். அவன் கேலிக்குத்தான் போட்டிருக்க வேண்டும். கேலி இல்லையென்றால் அது இன்னும் மோசம்.

"சார், இன்னொரு தடவை கேட்டுக்கறேன், கோவிச்சுக்காதீங்க" என்று உள்ளிருந்தே சுவாமிதாஸ் குரல் வருகிறது. "மொத்த பியானோவையும் கால் சுரம் கீழ இறக்கணும், அதானே? ஊர் உலகம் ஒரு சுருதில இருக்கு. கோயில், பள்ளிக்கூடம், சினிமா, எல்லாம். இது மட்டும் தனியா ஒரு கிணத்துக்குள்ள உக்காந்திருக்கும். யாரும் கூட வாசிக்க முடியாது." ஆமாம் என்கிறேன். "போன வாரம் முதல் தடவ இறக்குனேன், பாருங்க, பாதி கம்பி மேல ஏறி வந்து நிக்குது. கம்பிக்கும் பழக்கம்னு ஒண்ணு இருக்கு சார், எத்தன வருஷமா நின்ன இடம். ஞாயித்துக்கிழம வண்டில ஏத்தி மேடைக்குக் கொண்டு போனா இன்னும் ஆடும். காலைல நான் வந்து மறுபடி பாத்துத் தரேன், அது வேற விஷயம். ஆனா ஏன் சார்?" அதுதான் என் சுருதி, என்று சொன்னேன். சொன்ன பிறகு அந்த 'என்' வாயிலேயே புளித்துக் கிடந்தது. அவர் கம்பளிப் பட்டையைக் கம்பிகளுக்கு நடுவில் செருகினார். ஒரு கட்டைக்கு மூன்று கம்பி, இரண்டை அமுக்கி வைத்துவிட்டு ஒன்றை மட்டும் பேச விடுவார், அது சரியான பிறகு அடுத்ததை விடுவார். மூன்றும் ஒரே குரலில் பேசினால்தான் ஒரு சுரம். அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எனக்குப் பிடிக்கும், ஆனால் இன்று பிடிக்கவில்லை, இரண்டை அமுக்கி வைத்து ஒன்றைப் பேச விடும் அந்தக் கை எனக்கு எதையோ நினைவுபடுத்திக்கொண்டே இருக்கிறது, கோயம்புத்தூர், ஒரு நீல மேசை விரிப்பு, அதை இப்போது நினைக்க வேண்டாம். "போன மாசம் ஒரு பியானோவத் தொறக்கறேன், எலி ஏழு குட்டி போட்டு வச்சிருக்கு சார். வீட்டம்மா அலறுது. நான் சொன்னேன், அம்மா, ஏழும் ஏழு சுரம், கணக்கு சரியா இருக்கு, விட்டுடுங்கன்னு." சிரித்தேன். சிரிப்பு ஒரு நொடி தாமதமாக வந்தது. அவர் கவனித்திருப்பார். காதை வைத்துப் பிழைக்கிறவர்.

அந்தச் சுருதி எப்படி வந்தது என்று இவரிடம் சொன்னால் முடிந்துவிடும், ஒரு நிமிடக் கதை. எங்களிடம் ட்யூனர் கருவி கிடையாது, கீபோர்ட் கிடையாது, இசைக்கவை என்ற ஒன்று இருக்கிறது என்பதே தெரியாது. தனபாலன் வீட்டு ரயில்வே குவார்ட்டர்ஸின் பின்பக்க அறையில், விறகும் பழைய சைக்கிளும் இருந்த இடத்தில், நானும் அவனும் ஆளுக்கொரு கிட்டாரோடு உட்கார்ந்திருப்போம். பட்டறையின் சாயங்காலச் சங்கு தரையிலிருந்து எழுந்து வருவதுபோல வரும், ஏறும், ஏறி ஓரிடத்தில் நிற்கும், இருபது விநாடி, பிறகு சரியும். அந்த இருபது விநாடிக்குள் தனபாலன் தன் பேஸின் இரண்டாம் கம்பியைச் சங்குக்குச் சேர்த்துவிடுவான். கண்ணை மூடிக்கொள்வான், கன்னத்தைக் கிட்டாரின் மரத்தில் வைத்துக்கொள்வான், "பேசாத, பேசாத" என்பான், நான் பேசவே மாட்டேன், இருந்தாலும் சொல்வான். பிறகு அவன் கம்பிக்கு நான் என் கிட்டாரைச் சேர்ப்பேன். சங்கு சேர்ந்த பிறகுதான் பாட்டு. மழையில் சங்கு கேட்காத நாளில் வாசிக்காமலே டீ குடித்துவிட்டுக் கலைந்திருக்கிறோம். அந்தச் சங்கு உலகத்தின் சுருதிக்குக் கால் சுரம் கீழே இருந்தது. எங்களுக்கு எப்படித் தெரியும். எங்களுக்கு உலகம்தான் கொஞ்சம் மேலே இருந்தது. எங்கள் குழுவுக்கு 'ஸ்லீப்பர் கட்டைகள்' என்று பெயர், தண்டவாளத்துக்கு அடியில் போடுகிற கட்டை, "கேக்கறவனும் அப்படியே படுத்துடறான், பொருத்தமான பேருதான்" என்பார் துரைக்கண்ணு மாமா, ஆனால் ஒவ்வொரு நாளும் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்பார். டங். கல்லூரி விழாக்கள், மாதா கோயில் திருவிழாவில் தேர் நகர்ந்த பிறகு கிடைக்கும் முக்கால் மணி நேரம், ஒரு ரத்ததான முகாம், எல்லாவற்றிலும் வாசித்தோம். வார்த்தைகளை நான் எழுதினேன், அது உண்மை, அதில் எனக்குக் கூச்சமில்லை. மெட்டுகளில் பாதிக்குப் பாதி என்று சொல்லிக்கொள்வேன். பாதிக்குப் பாதியா. விரலை மடக்கி எண்ணினால் பாதி வராது.

சாயங்காலச் சங்கு என்று அவன் ஒன்று வாசிப்பான். பாட்டு இல்லை, வார்த்தை இல்லை. சங்கு சரிந்து அடங்கிய பிறகு அந்த அமைதியை அப்படியே கொஞ்ச நேரம் விட்டு வைப்பான், பிறகு பேஸில் நான்கு சுரம், இறங்கு வரிசையில், ஷிஃப்ட் முடிந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிறவர்களின் நடைக்கு. அந்த நான்கிலிருந்து அவன் பன்னிரண்டு நிமிடம் போவான், திரும்பி வருவான். ஒருநாள் மாமாவின் டேப் ரெக்கார்டரில் அதைப் பதிவு செய்தோம். கேசட்டின் முதுகில் நீல மையில் 'சா. சங்கு, 2ம் பக்கம்' என்று அவன் எழுதினான், 'சாயங்கால' என்று முழுசாகக்கூட எழுத மாட்டான், அவ்வளவு அவசரக்காரன், வாசிப்பில் மட்டும் அவசரமே கிடையாது. சென்னைக்குப் போய் ஒரு ஸ்டுடியோவில் எங்கள் பாட்டுகளைப் பதிவது என்று தேதி குறித்தோம், அந்த வாரம் அவனுக்குப் பட்டறையிலிருந்து வேலைக்கான கடிதம் வந்தது. அப்ரண்டிஸ் முடித்துவிட்டு மூன்று வருடம் காத்திருந்த கடிதம், மாமாவுக்கு ஒரு பக்கம் கையும் காலும் இழுத்துக்கொண்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது, யார் என்ன சொல்ல முடியும். ஜங்ஷனில் ரயில் நகர்கிற நேரத்தில் ஜன்னல் வழியாக அந்தக் கேசட்டை என் மடியில் போட்டான். "வச்சுக்க, எதுக்காவது ஆவும்" என்றான். எதுக்காவது ஆவும். இந்த இரண்டு வார்த்தைகளை நான் எத்தனை முறை சட்டைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்திருக்கிறேன், ஒரு அனுமதிச் சீட்டு மாதிரி. அவன்தானே கொடுத்தான். அவன் கையால்தானே போட்டான். யாராவது கேட்டால் காட்டலாம் என்று வைத்திருந்தேன், யாரும் கேட்கவில்லை, கேட்காததால் அது இன்னும் கசங்காமல் இருக்கிறது.

சென்னையில் மூன்று குழுக்கள். முதலாவதில் எல்லோருக்கும் தலைமுடி நீளம், இரண்டாவதில் எல்லோருக்கும் அப்பாக்களிடம் கார், மூன்றாவது நன்றாகவே இருந்தது, அதில் நான் மூன்றாவது கிட்டார். பிறகு விளம்பரங்களுக்கு முப்பது விநாடி இசை, சோப்பு, பிஸ்கட், ஒரு பம்ப் செட். பிறகு ஹாலந்தில் இசைப் படிப்புக்கு இடம், ரோட்டர்டாமில் மீனும் உருளைக்கிழங்கும் பொரிக்கிற கடைக்கு மேல் ஒரு அறை, ஹோட்டல்களில் பின்னணி வாசிப்பு, கூட வாசித்தவர்கள் ஒவ்வொருவராகக் கல்யாணம் செய்துகொண்டு விலக, மிச்சமிருந்தது நானும் ஒரு வாடகைப் பியானோவும். தனியாக இசையமைப்பது என்பது நான் எடுத்த முடிவு என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறேன். ஆட்கள் போய்விட்டார்கள், அவ்வளவுதான். ஒரு ஜனவரியில், வேலை ஏதும் இல்லாத மூன்று வாரத்தில், பெட்டியின் அடியில் அந்தக் கேசட் கிடந்தது. கேட்டேன். ஒரு வரி வாசித்துப் பார்த்தேன், அடுத்த வரி. பயிற்சிக்குத்தான், கை மறந்துபோகாமல் இருக்க. பிறகு அமைதியையும் எழுதினேன், எத்தனை விநாடி என்று எண்ணி எழுதினேன். பிறகு கம்பிகளைக் கால் சுரம் இறக்கினேன், அப்போதுதான் அது அதுவாக இருந்தது. எந்த இடத்தில் அது பயிற்சியாக இருப்பதை நிறுத்தியது. இதைத்தான் நான் கண்டுபிடிக்கப் பார்க்கிறேன், அந்த மூன்று வாரத்தில் எந்தக் கிழமை, எந்தப் பக்கத்தின் எந்த வரி. தேடினால் ஒவ்வொரு நாளும் நான் நல்லவனாகத்தான் தெரிகிறேன், எழுதி முடித்த தாளின் மேல் என் பெயரைப் போட்ட நாளில்கூட. தாளில் பெயர் போடாமல் யாராவது வைப்பார்களா, தொலைந்துபோனால் என்ன செய்வது, அப்படித்தான் போட்டேன்.

"இந்தத் தாள்ல உள்ளதத்தான் ஞாயித்துக்கிழம வாசிக்கப் போறீங்களா சார்? கொஞ்சம் வாசிச்சுப் பாக்கலாமா, சுருதி எப்படி நிக்குதுன்னு தெரியும்" என்கிறார் சுவாமிதாஸ். மாதா கோயில்களில் முப்பது வருடம் ஆர்கன் வாசித்தவர், தாளைப் பார்த்தே வாசிப்பார். வாசியுங்கள் என்கிறேன். வேறென்ன சொல்வது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு நான்கு சுரத்தையும் வைக்கிறார், மெதுவாக, ஒன்றின் மேல் ஒன்று படாமல், என் முதுகுக்குப் பின்னால் யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். இந்தப் படைப்பு வெளியானபோது ஒரு பத்திரிகைக்காரப் பெண் கேட்டாள், இந்தச் சுருதி எங்கிருந்து வந்தது என்று. ஆங்கிலத்தில் சொன்னேன், பனி பெய்த ஒரு விடியலில் பாதித் தூக்கத்தில் துறைமுகத்திலிருந்து ஒரு கப்பலின் ஊதல் கேட்டது, எழுந்து உட்கார்ந்தேன், முழுவதுமாக அது எனக்குள் இருந்தது என்று. எவ்வளவு சுலபமாக வந்தது. எட்டாம் வகுப்பு வரை தமிழில் படித்துவிட்டு ஒன்பதில் ஆங்கிலப் பள்ளிக்குப் போனவன் நான், அங்கே முதலில் கற்றுக்கொண்டது அந்த மொழியில் எனக்குச் சொந்தக்காரர்கள் யாரும் இல்லை என்பது. யார் மகன், எந்த வீடு என்று அந்த மொழியில் யாரும் என்னைக் கேட்டதில்லை. அதே பொய்யைத் தமிழில் சொல்லிப் பார்க்கிறேன், இதோ இப்போது, உதட்டை அசைக்காமல்: ஒரு கப்பலோட ஊதல் கேட்டுச்சு. உடனே துரைக்கண்ணு மாமா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "எந்தக் கப்பல்டா?" என்கிறார். அந்தப் பேட்டி ஏதோ ஒரு வழியாகத் திருச்சி வரைக்கும் வந்துவிட்டது. தனபாலன் போன் செய்தான், பதினொரு வருடம் கழித்து அவன் குரல். "டேய், படிச்சேன்டா, பாட்டும் கேட்டேன்" என்றான். லைனில் இரும்பை இழுக்கிற சத்தம், அவன் பட்டறைக்குள் நின்றுகொண்டிருந்திருக்க வேண்டும். "அங்க அவ்வளவு பனியாடா பெய்யும்?" என்றான். ஆமாம் என்றேன். "பாத்துடா, சளி புடிச்சுக்கப் போவுது" என்றான். அவ்வளவுதான். அதற்கு மேல் அவன் ஒன்றும் கேட்டதில்லை, நான் ஊர் திரும்பி இந்தக் கல்கண்டார்கோட்டை மாடி வீட்டுக்கு வந்து எட்டு மாதமாகிறது, வாரம் இரண்டு தடவை வருகிறான், முறுக்கு கொண்டு வருகிறான், பியானோவைத் தூக்க ஆள் பிடித்துக் கொடுத்தவன் அவன்தான், இன்ஸ்டிட்யூட் மன்றத்தின் செயலாளர் என்ற முறையில் இந்த நிகழ்ச்சிக்கே ஏற்பாடு செய்தவன் அவன்தான், ஒரு தடவைகூட அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவனுக்குத் தெரியாதா. தன் விரலைத் தனக்குத் தெரியாதவன் உண்டா.

"சார்" என்று நிறுத்துகிறார் சுவாமிதாஸ். "மூணாம் பக்கத்துல ஒரு இடம். இங்க பாருங்க. இந்தச் சுரம் நீளமா நிக்குது, பாதில அதுக்குப் பக்கத்துக் கட்டையையும் சேத்து அமுக்கச் சொல்லி எழுதியிருக்கீங்க. ரெண்டும் உரசுது." அந்த இடம்தான். ஒரு விமர்சகர் அதற்கு மட்டும் ஒரு பத்தி எழுதினார், நிச்சயத்தன்மையின் மேல் விழும் விரிசல் என்றார், நான் அந்தப் பத்தியைச் சட்டம் போட்டு மாட்டவில்லை, ஆனால் வெட்டி வைத்திருக்கிறேன். வேண்டுமென்று எழுதியதுதான் என்கிறேன். சுவாமிதாஸ் மறுபடி அந்த ஒன்றரை வரியை வாசிக்கிறார், தலையைச் சாய்த்துக்கொண்டு, கோழி தரையில் எதையோ பார்ப்பதுபோல. "இல்ல சார், தப்புன்னு சொல்லல. எனக்கு என்ன தோணுதுன்னா, இது கட்டைல பொறந்தது இல்ல. கம்பில பொறந்தது. யாரோ தடிமனான கம்பில வாசிச்சிருக்காங்க, நடுவுல கம்பி முறுக்கற ஆணி நழுவி கம்பி தளந்துபோச்சு, சுரம் அப்படியே கீழ சரிஞ்சிருக்கு. பியானோல சரிக்க முடியாதுல்ல, அதனால ரெண்டு கட்டையா எழுதியிருக்கீங்க. கம்பி தளர்ற சத்தம் எனக்குத் தெரியாதா சார், நாப்பது வருஷமா அதைத்தானே கேக்கறேன். வாசிச்சவன் நிறுத்தல பாருங்க, தளந்த சுரத்துக்கே மிச்சத்த மாத்தி வாசிச்சிருக்கான். கெட்டிக்காரன். யாரு சார் அது?" அறையில் மின்விசிறி சுற்றுகிறது. தனபாலன் பேஸின் ஆணி லூஸ், தீக்குச்சியை ஒடித்துச் செருகி வைத்திருப்பான், அன்று பதிவின் நடுவில் தீக்குச்சி விழுந்துவிட்டது, அது தரையில் விழுந்த சத்தம்கூடக் கேசட்டில் இருக்கிறது, நான் என் கண்ணால் பார்த்தேன், அவன் என்னைப் பார்த்து ஒரு புருவத்தை மட்டும் தூக்கிவிட்டு வாசித்துக்கொண்டே போனான். யாரு சார் அது. இருபது வருடத்தில் முதல் முறையாக ஒருவர் கேட்கிறார், அதுவும் குற்றமாக இல்லை, ஆசையாக. அனுமதிச் சீட்டை எடுக்கலாம். 'ஒரு ஃப்ரெண்டு' என்கிறேன். ஃப்ரெண்டு. காது சுடுகிறது, இரண்டு காதும், நாற்பத்தெட்டு வயதில். "அவர் இருக்காரா சார்?" இருக்கார் என்கிறேன். "அப்ப ஞாயித்துக்கிழம வருவாரு. நல்லது. நான் பாக்கணும் அவரை" என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி பியானோவுக்குள் தலையை விட்டுக்கொள்கிறார். டங்.

ஞாயிற்றுக்கிழமை. அவன் மட்டுமா வருவான். பட்டறையில் முப்பது வருடம் அந்தச் சங்கைக் கேட்டவர்கள் மண்டபம் நிறைய உட்கார்ந்திருப்பார்கள், முதல் வரி முடிந்து அமைதி வரும்போது கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள், பழக்க தோஷத்தில் சாப்பாட்டுத் தூக்கைத் தேடுவார்கள். 'டேய், இது நம்ம சங்குடா' என்று யாராவது ஒருவர் சத்தமாகவே சொல்வார். சொன்னால் என்ன செய்வது. சொல்லாவிட்டால், யாருக்குமே தெரியாமல் போய், ரோட்டர்டாம் பனி என்று நம்பிக் கைதட்டிவிட்டால், அது என்ன. இதற்கு மேல் தள்ளிப்போட முடியவில்லை, நீல மேசை விரிப்பு வந்துவிட்டது. கோயம்புத்தூர், ஒரு கல்லூரியின் கலை விழா, போட்டி, எங்களுக்கு இரவல் கீபோர்ட் வாசிக்க ஒரு பையனைக் கொடுத்திருந்தார்கள். நாங்கள் ஊரிலேயே சங்குக்குச் சேர்த்துவிட்டு, சுருதி கலையாமலிருக்க இரண்டு கிட்டாரையும் கம்பளியில் சுற்றி, பிள்ளையைத் தூக்குவதுபோல மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் வந்திருந்தோம். யாராவது இப்படிச் செய்வார்களா, சுருதியை ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வருவார்களா. மேடையில் கீபோர்ட்காரன் முதல் சுரத்தை வைத்தான், நாங்கள் வைத்தோம், உலகமும் பொன்மலையும் ஒன்றோடொன்று உரசின, கூட்டம் ஓவென்று கத்தியது. நீல விரிப்புப் போட்ட மேசைக்குப் பின்னால் மூன்று நடுவர்கள், அதில் ஒருவர் மைக்கை எடுத்து, "தம்பிங்களா, சுருதி சேத்துட்டு மேடை ஏறணும்னு யாரும் சொல்லித் தரலையா? யாரு சேத்தது இத?" என்று கேட்டார். நான் மைக்குக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். திரும்பி, கையை நீட்டி, "இவன்தான் சார், தனபாலன்" என்றேன். ஊரும் இனிஷியலும் சேர்த்துச் சொல்லவில்லை, அவ்வளவுதான் பாக்கி. கூட்டம் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டது, த-ன-பா-லா, த-ன-பா-லா என்று காலைத் தட்டிக்கொண்டு கத்தியது, நாங்கள் வயரைச் சுருட்டிக்கொண்டு இறங்கும் வரை. திரும்பும் ரயிலில் அவன் என்னிடம் பாதி வாழைப்பழத்தைக் கொடுத்தான். நானும் வாங்கித் தின்றேன். அந்தச் சுருதி தப்பாக இருந்தபோது அதற்கு அவன் பெயர் இருந்தது. தயங்காமல் சொன்னேன், ஒரு நொடி தயங்கவில்லை, கை தானாகவே நீண்டது. அதே கால் சுரம் அழகாக மாறியபோது எனக்கு அவன் பெயர் ஞாபகம் வரவில்லை, கப்பல் ஞாபகம் வந்தது. இதற்கு 'எதுக்காவது ஆவும்' என்ற சீட்டு செல்லுமா. கேசட்டைக் கொடுத்தவன் கேசட்டைத்தான் கொடுத்தான்.

கைபேசி அதிர்கிறது. தனபாலன். எடுக்காமல் விடலாம் என்று நினைத்து எடுத்துவிட்டேன். "என்னாடா, பாத்தியா இல்லையா? நாலர ஆயிருச்சு." பார்த்தேன் என்றேன். "திருக்கரங்கள் நல்லா இருக்கா? நம்ம மோகனரங்கம் சார்தான் போடுங்கன்னாரு, தமிழய்யா, அவர மீற முடியாது." சிரித்தான். நானும் சிரித்தேன். தனா, என்றேன். "சொல்லு." உங்கப்பா ரிட்டயர்மெண்ட் அன்னிக்குப் பேசுனது உனக்கு ஞாபகம் இருக்கா, என்றேன். "எது, சங்கு கூப்பிட்டுதுன்னு பேசுனதா? எங்கடா கேக்க விட்ட, கீச்சுன்னு ஒரு சத்தம் போட்டியே. அப்பறம் கேட்டேன் அவர்கிட்ட, சொல்ல மாட்டேன்னுட்டாரு. ஒரு தடவைதான் பேச முடியும், உங்க மெஷின் முழுங்கிடுச்சு, போங்கடான்னாரு." மறுபடி சிரிப்பு. பிறகு, "சரி, ஓகேவா? அச்சாபீஸ்லதான் நிக்கிறேன்" என்றான். அஞ்சு நிமிஷம் என்றேன். "அஞ்சுதான்" என்றான். இப்போது நான் பயப்படுவது எதற்கு என்று எனக்கே சொல்லிப் பார்க்கிறேன். ரோட்டர்டாமில் என் இசையை வெளியிடுகிறவர்களுக்கா, அடுத்த படைப்பு எங்கே என்று அவர்கள் கேட்கும் கடிதத்துக்கா, அடுத்தது இல்லை, இந்தப் பன்னிரண்டு நிமிடத்துக்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் நல்ல மாணவனின் வீட்டுப்பாடம், எனக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரிந்திருக்கும். இந்தப் பன்னிரண்டு நிமிடத்தையும் எடுத்துவிட்டால் நான் யார், சோப்பும் பிஸ்கட்டும் பம்ப் செட்டும். அதற்குத்தான். வெறும் அதற்கு. ஒரு மனிதனை இருபது வருடமாக இரண்டு கம்பிக்கு நடுவில் கம்பளியைச் செருகி அமுக்கி வைத்தது இதற்கு.

"சார், உஸ்ஸ்" என்று சுவாமிதாஸ் கையைத் தூக்குகிறார். சங்கு. மாடிச் சுவர் லேசாக அதிர, ஏறுகிறது, வேப்ப மரத்துக் காக்கைகள் இடம் மாறி உட்காருகின்றன, ஏறி ஓரிடத்தில் நிற்கிறது. அவர் ஒற்றை விரலால் நடுக் கட்டையை அமுக்கிப் பிடிக்கிறார். இரண்டும் ஒன்றாக நிற்கின்றன, எது கம்பி எது சங்கு என்று பிரிக்க முடியவில்லை. பனியனோடு நிற்கிற அந்த மனிதர் என்னைத் திரும்பிப் பார்க்கிறார், வாய் கொஞ்சம் திறந்திருக்கிறது. "இதுதானா சார்" என்கிறார். விரலை எடுக்கவில்லை. பேசாத, பேசாத. சங்கு சரிந்து அடங்குகிறது. கீழே தெருவில் முதல் சைக்கிளின் மணி. நான் கைபேசியை எடுத்து, தனபாலனுக்குத் தப்பில்லாமல், எழுத்தெழுத்தாக அடித்தேன்: 'தலைப்பு: சாயங்காலச் சங்கு. இசையமைப்பு: து. தனபாலன். பியானோ: ம. சவரிராயன். இந்த மூணு வரியை மட்டும் வச்சுக்க, மத்ததெல்லாம் எடுத்துடு.' அனுப்பினேன். பிறகு அதே மூன்று வரிகளை ஆங்கிலத்தில் எழுதி, ரோட்டர்டாமில் என் இசையை வெளியிடுகிறவர்களுக்கும் அனுப்பினேன்.